டார்ட் இஞ்சினும் 'என்ர' என்னும் சொல்லும்

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஓர் இளைஞர் என்னிடம் மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். பழைய விமான ஆர்வலர்கள் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே இன்ன விமானம் என்று சொல்லிவிடுவதாகப் பெருமை பேசுகிறார்களே, அது மெய்யா, மிகையா என்பது முதல் கேள்வி. புல்லட், ஜாவா போன்ற மோட்டார் சைக்கிள்களின் சத்தத்துக்கும் அப்படியொரு காரணம் உண்டா என்பது இரண்டாவது. இஞ்சினைக் கேட்பதும், ஒருவர் பேச்சிலிருந்து அவருடைய ஊரைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலைதான் என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேனாம். அது அழகுக்காகச் சொன்னதா, பொருளோடு சொன்னதா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்குப் பாதி மெய், பாதி மிகை என்பதே என் நேர்மையான பதில். எந்தப் பாதி மெய் என்று பிரித்துக் காட்டுவதற்கு நான் வளர்ந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

என் தகப்பனார் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இஞ்சின் ஃபிட்டராக இருந்தார். எங்கள் வீடு பல்லாவரத்தில், மீட்டர் கேஜ் மின்சார ரயில் பாதைக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் இருந்தது. வடகிழக்கே மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்கள்; தெற்கே தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி. இரண்டுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு வானம் எந்நேரமும் திறந்திருந்த ஒரு வானொலிப் பெட்டி. 1960ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. அப்போது இந்தியன் ஏர்லைன்ஸின் பெரும்படை இரண்டு இஞ்சின் கொண்ட டக்கோட்டா விமானங்கள்தாம். 1957இல் வந்த வைக்கவுண்ட் விமானங்கள் புதுப் பணக்காரரைப் போல மெருகோடு நிற்கும். டக்கோட்டாவோ வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை மேலே தூக்கி, எப்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருப்பதைப் போல நிற்கும்.

என் காது பயின்ற முதல் பாடம் இரவு அஞ்சல் விமானம். 1949இல் தொடங்கிய அந்தச் சேவையில் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பி நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் கூடும். அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பும். எங்கள் தெருவில் பலருக்கு அதுதான் விடியற்காலைக் கடிகாரம். பெரும்பாலும் டக்கோட்டா வரும். சில நாட்களில் நான்கு இஞ்சின் கொண்ட ஸ்கைமாஸ்டர் வரும். படுக்கையில் கிடந்தபடியே இரண்டில் எது என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கும் அப்பாவுக்கும் இடையே நடந்த பந்தயம். நான் பெரும்பாலும் தோற்றேன். காரணம், ஸ்கைமாஸ்டரில் இருந்த இஞ்சின் டக்கோட்டாவின் இஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கிச் செய்தது. இரண்டுமே பிராட் அண்ட் விட்னி தயாரிப்பு. இரண்டுக்கும் 14 சிலிண்டர். ஒரே குடும்பத்துக் குரல். வீட்டில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. அப்பாவோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், விருந்துக்கு வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்த ஒரு விடியலில் என் தவற்றைக் கேட்டுவிட்டு, "ஏலே, நல்லாக் கேளுல, நாலு கெடக்கு" என்றார். எண்ணிக்கையைக் காதால் எடுக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அது எப்படி முடியும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மெய்யான பாதி இங்கேதான் இருக்கிறது. டக்கோட்டாவின் ட்வின் வாஸ்ப் இஞ்சினில் ஏழு ஏழு சிலிண்டர்களாக இரண்டு வட்ட வரிசைகள் உண்டு. வட்ட இஞ்சினில் ஒரு வரிசையின் சிலிண்டர் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால், ஒன்று விட்டு ஒன்றாக, 1, 3, 5, 7, 2, 4, 6 என்று வெடித்துப் போனால்தான் இடைவெளி சமமாக அமையும். இரட்டைப்படையாக வைத்தால் அந்த ஒழுங்கு வராது. ஆக, ஒரு சுற்றுக்கு 7 வெடிப்பு. நிமிடத்துக்கு 2,050 சுற்றில் இஞ்சின் ஓடும்போது நொடிக்கு 240 வெடிப்புகளை ஒட்டி வரும். அதுதான் நம் காதில் விழும் உறுமல். இஞ்சின் சுற்றும் வேகத்தைப் பல்சக்கரங்கள் 16க்கு 9 என்ற விகிதத்தில் குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தருவதால், அதன் மூன்று இறக்கைகள் நொடிக்கு 58 முறை காற்றை அறையும். அது உறுமலுக்கு அடியில் கிடக்கும் கார்வை. ஜன்னல் கம்பியும் சமையலறைத் தட்டும் அதிர்வது அதனால்தான்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. இரண்டு புரொப்பெல்லர்களும் மயிரிழை வேறுபாட்டில் சுழன்றால், ஒன்று நிமிடத்துக்கு 1,150 சுற்றும் மற்றது 1,155 சுற்றுமாக ஓடினால், இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று ஏற்றியும் இறக்கியும் 4 நொடிக்கு ஒருமுறை "வூம்... வூம்..." என்று அலையடிக்கும். தம்புராவின் இரண்டு தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும்போது, சேர்வதற்குச் சற்று முன்பு ஓர் அலைவு கேட்குமே, அதே அலைவு. நல்ல விமானி அதைக் கேட்டு லீவரை நூலளவு நகர்த்தி அலைவை நிறுத்திவிடுவார். நான்கு இஞ்சின் என்றால் அலைவுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஒழுங்கான ஏற்ற இறக்கம் இராது. திருநெல்வேலிக்காரர் எண்ணியது இஞ்சின்களை அல்ல, அலைவுகளை. அவரிடம் இதைக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். "காது சொல்லுது" என்று முடித்திருப்பார்.

தாம்பரத்துப் பயிற்சி விமானமான ஹார்வர்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போலிருக்கும்; அத்தனை சிறிய விமானத்துக்கு அத்தனை பெரிய சத்தம் எதற்கு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விடை இஞ்சினில் இல்லை, புரொப்பெல்லரின் நுனியில் இருந்தது. ஹார்வர்டின் புரொப்பெல்லர் 9 அடி விட்டமுடையது. இடையில் வேகம் குறைக்கும் பல்சக்கரம் கிடையாது. புறப்படும்போது இஞ்சினோடு சேர்ந்து நிமிடத்துக்கு 2,250 முறை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நுனியின் வேகம் நொடிக்கு 320 மீட்டரைத் தாண்டும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் அளவில். விமானம் முன்னே போகும் வேகமும் சேரும்போது நுனி ஒலியின் வேகத்தை நெருங்குகிறது. அந்தக் கிழிசல் அங்கே பிறக்கிறது. டக்கோட்டாவின் புரொப்பெல்லரை விகிதம் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டதன் பயன்களில் ஒன்று, அது அப்படிக் கத்தாமல் போனது.

இனி மிகையான பாதி. வைக்கவுண்ட், 1961இல் வந்த ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், கான்பூரில் கட்டப்பட்ட அவ்ரோ 748 ஆகிய மூன்றையும் சத்தத்தால் பிரித்துச் சொல்வேன் என்று என் இளமையில் நான் மார்தட்டியதுண்டு. இவை மூன்றிலும் இருந்தது ஒரே இஞ்சின்: ரோல்ஸ் ராய்ஸின் டார்ட். வட்ட இஞ்சினைப் போல அது வெடித்து வெடித்து ஓடுவதில்லை. உள்ளே இரண்டு அடுக்குக் காற்றழுத்தி நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழல, தரையில் சும்மா நிற்கும்போதே காதைத் துளைக்கும் சீழ்க்கை ஒன்று கிளம்பும். வைக்கவுண்டில் நான்கு என்பதால் அதைத் தனியே பிரிக்கலாம். ஆனால் அவ்ரோவும் ஃப்ரெண்ட்ஷிப்பும் இரண்டிரண்டு டார்ட் கொண்டவை. இரண்டின் புரொப்பெல்லரும் நான்கு இறக்கை உடையவை. விமானத்தைத் தாங்கும் பெரிய இறக்கை அவ்ரோவுக்கு உடலின் அடியில், ஃப்ரெண்ட்ஷிப்புக்கு உடலின் மேல் என்பது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. காதுக்குக் கிட்டத்தட்ட இல்லை. அப்படியானால் நான் எப்படிச் சரியாகச் சொன்னேன்? கால அட்டவணை எனக்கு மனப்பாடம். மாலை இத்தனை மணிக்கு இறங்குவது எந்த ஊர் விமானம், அந்தத் தடத்தில் எது ஓடுகிறது என்று தெரிந்திருந்தால், காதுக்கு அதிக வேலை இல்லை. ஆர்வலர்கள் இதை வெளியே சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

மோட்டார் சைக்கிள் கேள்விக்கு வருகிறேன். விமானத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு ஆர்வலர்கள் கற்பித்துக்கொண்டது அல்ல. அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ் விமான உலகுக்கு வருவதற்கு முன் மோட்டார் சைக்கிள் செய்தவர்; வான்கலங்களுக்கென்று உருவாக்கிய 8 சிலிண்டர் இஞ்சினை ஒரு சைக்கிள் சட்டத்தில் பொருத்தி, 1907இல் ஃபுளோரிடா கடற்கரையில் மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். மறு ஆண்டே தன் விமானத்தைப் பறக்கவிட்டார். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் விமான இஞ்சினோடு பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் உடன்படிக்கை விமான இஞ்சின் செய்வதைத் தடுத்துவிட, விமான இஞ்சினை வடிவமைத்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் 1923இல் ஆர் 32 மோட்டார் சைக்கிளை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, 125 சி.சி. வண்டி ஒன்றை இரும்புக் கூட்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கியது. பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று பொருள்படும் பெயர் அதற்கு. காற்றால் குளிரும் சிலிண்டர், எடைக்கு அஞ்சும் வடிவமைப்பு, கையால் தொட்டுச் சரிசெய்யும் கார்புரேட்டர் என்று இரண்டு உலகிலும் ஒரே கை பழகிற்று. என் தகப்பனார் பகலில் டக்கோட்டாவின் வால்வு இடைவெளியை அளந்த அதே தகட்டை மாலையில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கும் எடுப்பார்.

அந்தப் பக்கத்து வீட்டு வண்டி புல்லட். இந்திய ராணுவத்தின் தேவைக்காக வந்த இந்த வண்டியைச் செய்வதற்காக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. ஆகவே சென்னைக்காரனுக்குப் புல்லட் அயல்நாட்டு வண்டி அல்ல, வடசென்னை வண்டி. அதன் 346 சி.சி. இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் போய் வரும் நீளம் 90 மில்லிமீட்டர். நீண்ட வீச்சும் கனத்த ஃப்ளைவீலும் இருப்பதால் அது மெதுவாக ஓடியும் அணையாது. நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்று துடிக்கும்போது ஒற்றைச் சிலிண்டர் 400 முறைதான் வெடிக்கும். நொடிக்கு ஏழுக்கும் குறைவு. அந்த வேகத்தில் மனிதக் காது ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும். டக்கோட்டாவின் வெடிப்புகள் ஒன்றாகி உறுமலாகக் கேட்பதும், புல்லட்டின் வெடிப்புகள் பிரிந்து தாளமாகக் கேட்பதும் இதனால்தான். மற்றபடி இரண்டும் ஒரே நான்கு வீச்சு வித்தை.

1961இலிருந்து மைசூரில் செய்யப்பட்ட ஜாவா 250 வேறு சாதி. இரண்டு வீச்சு இஞ்சின் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஒரே சிலிண்டராக இருந்தும் புகை வெளியேற இரண்டு வாயில், இரண்டு சைலன்சர். 1,200 சுற்றில் நொடிக்கு 20 வெடிப்பு. தாளத்துக்கும் சுரத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் ஒலி. அதைக் கிளப்புவது எளிது. கிக்கரையே மடக்கிக் கியர் லீவராக மாற்றிக்கொள்ளும் அந்தப் புத்தியை இன்றைக்கும் வியக்கிறேன். ஆனால் எனக்கு ஜாவாவின் மேல் காதல் வந்ததில்லை. அது நல்ல வண்டி, அவ்வளவுதான்.

புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. 1978இல் நான் வாங்கிய பழைய வண்டியில் விளக்குக் கூட்டின் மேல் மின்னோட்டத்தைக் காட்டும் ஓர் ஆம்மீட்டர் இருந்தது. சாவியைத் திருப்பியதும் முள் ஒரு பக்கம் சாய்ந்தால், பாயிண்ட், அதாவது தீப்பொறிக்கான மின்தொடுப்பு, மூடியிருக்கிறது என்று பொருள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேல் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது. அப்போது டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ள வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. இந்த வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் வண்டி திருப்பி உதைக்கும்; என் வலது கணுக்காலில் அதற்குச் சான்று உண்டு. டைகர் மாத் விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்புவதும் இதே முறைதான்: முதலில் சுவிட்ச் அணைந்திருக்க, சிலிண்டருக்குள் எரிபொருள் இழுக்கும்படி நாலு சுற்று, பிறகு அழுத்தத்தின் விளிம்பில் இறக்கையைக் கொண்டுவந்து நிறுத்துதல், விமானி "காண்டாக்ட்" என்று குரல் கொடுத்துச் சுவிட்சைப் போட, இறக்கையை ஒரே இழுப்பில் சுண்டிவிட்டு விலகிக்கொள்ளுதல். புல்லட் தவறினால் கணுக்கால் போகும். அங்கே தவறினால் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் வட்டார வழக்கு என் கதைக்குள் நுழைந்தது. ஒரே செயலுக்கு ஆளுக்கொரு சொல் இருந்தது. சென்னைக்காரர் "கிக் அடி" என்பார். நாகர்கோவில்காரர் "நல்லா சவுட்டு" என்பார். சவுட்டுதல் என்றால் மிதித்தல். 'என்னுடைய வண்டி' என்பதை நாகர்கோவில்காரர் 'எனக்க வண்டி' என்றார். கோயம்புத்தூர்க்காரர் 'என்ற வண்டிங்க' என்றார். விமான நிலையப் பட்டறை என்பது தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேரும் இடம். ஒரு பிள்ளை அங்கே வாரம் ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாலே போதும், வரைபடம் காதுக்குள் ஏறிவிடும். கொங்கு நாட்டு ஃபிட்டர் ஒருவர், பத்து வயதுப் பையனான என்னையும் "ஏனுங் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். விமானத்தை அவசரப்பட்டுச் சொல்லித் தோற்றபோதெல்லாம், "பதறாதீங்க தம்பி, சத்தம் தலைக்கு மேல வந்து தேயட்டும், அப்பறம் சொல்லுங்" என்பார். அது நல்ல அறிவுரை. நெருங்கி வரும்போது சத்தத்தின் சுருதி ஏறியும் விலகிப் போகும்போது இறங்கியும் கேட்பதால், தலைக்கு மேல் கடக்கும் அந்த ஒரு நொடியில்தான் உண்மையான சுருதி கிடைக்கும்.

யாழ்ப்பாணத் தமிழ் என் காதுக்கு வந்தது பின்னாளில். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாகச் சென்னைக்கு வந்தது. ஆகவே எங்கள் வீட்டு வானத்துக்கும் பலாலிக்கும் பழைய உறவு. ஆனால் நான் நெருங்கிப் பழகிய யாழ்ப்பாணத்து நண்பர் 1990இல் போருக்குத் தப்பி வந்தவர். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். தமிழ்நாட்டில் பலர் அவர் பேசுவதை மலையாளம் என்று நினைத்தார்கள். அதைக் கேட்டு அவர் சிரிப்பதுண்டு. 'டயர்' என்பதை 'ரயர்' என்பார். பெட்ரோல் போகத் தடையிருந்த காலத்தில், சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் காட்டி இஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய விதத்தை அவர் சொல்லும்போது ஒரு நல்ல பாடம் கேட்பது போலிருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் வண்டியின் சத்தம் மந்தமாகி, இழுக்கும்போது உள்ளே சரளைக்கல் உருள்வது போல ஒலிக்கும் என்றார். அது தட்டல், நேரந்தவறிய எரிதல்.

அவர் வந்த சில நாட்களில், தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானப்படையின் அவ்ரோ ஒன்று எங்கள் தெருவுக்கு மேலே தாழ்வாகப் போயிற்று. தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த மனிதர், கோப்பை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிவதற்குள் மேசைக்கு அடியில் இருந்தார். இலங்கை விமானப்படையிடமும் அவ்ரோ இருந்தது; அதே டார்ட், அதே சீழ்க்கை. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளும் கிழவிகளும்கூடச் சத்தத்தை வைத்து, இது பொம்மர், இது ஹெலி, இது சகடை என்று சொல்லிப் பதுங்குகுழிக்குள் இறங்கும் நேரத்தைக் கணித்தார்கள் என்று அவர் பிறகு சொன்னார். குண்டு தள்ள வரும் கனத்த சரக்கு விமானத்துக்குச் சகடை என்று பெயர். நான் வேடிக்கையாகக் கற்ற வித்தையை அவர்கள் உயிருக்காகக் கற்றிருந்தார்கள். அவர்களிடம் கால அட்டவணை இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் முன்னால் நான் விமானப் பந்தயம் வைத்ததில்லை.

அவரோடு பழகியதில்தான் மூன்றாம் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது. அவர் 'என்ர வண்டி' என்பார். கொங்கு ஃபிட்டரும் 'என்ற வண்டி' என்பவர். எழுத்தில் ரகர றகர வேறுபாடு இருந்தாலும், அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டால், பேசியவர் கோபிசெட்டிபாளையமா, கோப்பாயா என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் 'போறனுங்க', யாழ்ப்பாணத்தில் 'போறன்'. அங்கும் வால் மட்டுமே வேறு. அவ்ரோவிலும் ஃப்ரெண்ட்ஷிப்பிலும் ஒரே டார்ட் இருந்ததைப் போல, கடலும் மலையும் குறுக்கே கிடக்கும் இரண்டு வழக்குகளில் ஒரே உறுப்பு ஓடுகிறது. ஓர் உறுப்பை வைத்து முழு எந்திரத்தைச் சொல்கிறவன் தோற்பான். வேறு உறுப்பொன்றையும் கேட்க வேண்டும். 'காற்று' என்ற சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் அது 'காத்து' ஆகிவிடும்; யாழ்ப்பாணத்தில் றகரத்துக்குரிய இடத்திலேயே நாக்கு தங்கும். 'ஆம்' என்பதற்குக் கொங்கில் 'ஆமாங்', அங்கே 'ஓம்'. வாக்கியம் முடியும் இடத்தில் கொங்குக் குரல் ஒரு மெல்லின ஒலியில் சாய்ந்து இறங்கும். இஞ்சின், புரொப்பெல்லர், அலைவு என்று மூன்றையும் கேட்டு விமானத்தைச் சொல்வதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. அழகுக்காகச் சொல்லவில்லை என்பதே என் பதில்.

ஒரே ஒரு வேறுபாடு இருக்கிறது. வழக்கைக் கேட்டு மக்கள் மனத்தில் மதிப்புப் போட்டுவிடுகிறார்கள். ஹார்வர்ட் கத்துவதற்குக் காரணம் அதன் நுனி வேகம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், ஒரு வழக்கை முரடு என்றும் இன்னொன்றைப் பணிவு என்றும் தயங்காமல் சொல்கிறார்கள். விமானத் துறையே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ரேடியோவில் எந்த நாட்டு நாக்கும் எந்த நாட்டுக் காதுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற இன்றைய எழுத்துப் பெயர்களைச் சோதித்துத் தேர்ந்து 1956இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஐந்தைக் குறிக்க 'ஃபைஃப்', ஒன்பதைக் குறிக்க 'நைனர்' என்று உச்சரிப்பும் வகுத்தார்கள். 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் இரைச்சலில் ஒன்று போலக் கேட்கும் என்பதால். ஆயினும் எங்கள் பட்டறையில் 'வி' எழுத்துக்குரிய 'விக்டர்' என்பதைக் கேட்டே பேசுகிறவர் வங்காளியா, மலையாளியா, நம்மவரா என்று சொல்லிவிடுவார்கள்.

இளைஞர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகலாமா என்றும் கேட்கிறார். பழகலாம், ஆனால் கைப்பேசியில் வேண்டாம். 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படையினரை ஏற்றிச் சென்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண் வி.பி. 905. அந்த எண்ணையும் பரசுராமா என்ற பெயரையும் சூட்டி இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்ட ஒரு டக்கோட்டா 2018இல் பறந்தே இந்தியாவுக்கு வந்து விமானப்படையில் சேர்ந்தது. அதன் காணொளியைப் பேரன் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. நொடிக்கு 58 அதிர்வு என்று மேலே சொன்னேனே, அந்தக் கார்வையைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாது. மேலே மிதக்கும் சலசலப்பு மட்டும் கேட்கும். நல்ல ஒலிபெருக்கியில் போட்டதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்போதுதான் அது டக்கோட்டா. 1982 அக்டோபர் 15 அன்று, இந்தியாவின் முதல் விமான அஞ்சல் பறப்பின் பொன்விழாவுக்காக ஜே.ஆர்.டி. டாட்டா தம் 78ஆம் வயதில் லெபர்ட் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து ஓட்டிவந்து பம்பாய் ஜுஹூவில் இறக்கியபோது, வேலை நிமித்தம் அங்கிருந்த நானும் கூட்டத்தோடு நின்றேன். கூட்டம் இன்னும் வானத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர் ஜிப்ஸி மேஜரின் அந்தத் தையல் எந்திரச் சத்தம் எனக்கு முதலில் வந்துவிட்டது; டைகர் மாத்தில் இருந்த அதே இஞ்சின். நேரில் கேட்டதைப் போல எந்தப் பதிவும் ஆகாது.

என் காது இன்னும் நன்றாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே 2019இல் மீண்டும் பயணிகள் விமானம் ஓடத் தொடங்கியது, இம்முறை ஏ.டி.ஆர். 72. சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் அதில் வரவிருந்த நண்பரை அழைத்துவர மீனம்பாக்கம் போயிருந்தேன். பயணிகள் வெளியே வரும் வாசலில், தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கைப்பேசியில் "என்ர பெட்டி இன்னும் வல்லை" என்று சொல்வது காதில் விழுந்தது. விமானம் இறங்கிய நேரம் எனக்குத் தெரியும், சொல்லும் பொருந்தியது. தூணைச் சுற்றிப் போய், யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று உரிமையோடு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நமக்குப் பெருந்துறைங்க. சிங்கப்பூர்ல இருந்து வாரனுங்" என்றார்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு விமானம் கிளம்பிப் போயிற்று. அது என்ன விமானமுங்க என்று அவர் பேச்சுக்காகக் கேட்டார். நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.